பள்ளிக்கு மிரட்டல் வந்தால் பெற்றோருக்கு என்ன அனுப்புகிறீர்கள்?

வணக்கம். எங்கள் அறக்கட்டளையின் பள்ளிகளுக்கு அவசரகாலத் தகவல் திட்டம் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட தனியார் பள்ளிகளுக்கு மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது நினைவிருக்கும். கடைசியில் புரளிதான். ஆனால் செய்தி பரவியதும் பெற்றோர் பதறிப்போய் பள்ளிகளுக்கு ஓடினார்கள்.

மழை விடுமுறை என்றால் கலெக்டர் அறிவிப்பார், நாம் அதை அப்படியே அனுப்பினால் போதும். மிரட்டல் அப்படியில்லை. போலீஸ் சோதனை முடியும்வரை பேசாமல் இருந்தால் வாட்ஸ்அப்பில் வேறு கதை ஓடிவிடும். அவசரப்பட்டு அனுப்பினால் எல்லோரும் வண்டியோடு வந்து நின்று தீயணைப்பு வண்டிக்கே வழி இருக்காது. என் வரைவில் முதல் தகவல் மூன்றே வரி: பிள்ளைகள் இப்போது எங்கே, அழைத்துப்போக எந்த வாசலுக்கு வர வேண்டும், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. இது போதுமா?

உங்கள் பள்ளியில் இதை அனுப்புவது தலைமையாசிரியரா, தாளாளரா? அவர் ஊரில் இல்லாத நாளில்? ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்கு என்ன வழி? அப்புறம், வேன் ஓட்டுநர்களுக்குத் தனியாகச் சொல்கிறீர்களா? மாதிரி வாசகம் இருந்தால் பள்ளிப் பெயரை எடுத்துவிட்டு இங்கேயே போடுங்கள்.