குடும்ப போட்டோல எல்லாரும் விறைப்பா நிக்கிறாங்க, என்ன பண்றது?

நெல்லைப்பையன்: அடுத்த வாரம் ஆச்சிக்கு 80 வயசு, மொத்தம் 14 பேரு. கேமராவ எடுத்தாலே ஆச்சி முந்தானைய இழுத்து இழுத்து சரி பண்ணுவாங்க, அப்பா பாஸ்போர்ட் போட்டோ மாதிரி முறைப்பாரு. 50 எம்எம் லென்ஸ் இருக்கு, லென்ஸ் துவாரத்த நல்லா பெருசா திறந்து, எஃப் 1.8ல எடுக்கலாமா?

லென்ஸ்மாமா: 1.8 வேணாம் தம்பி, பின்வரிசை மூஞ்சியெல்லாம் மங்கிடும், துவாரத்த சின்னதாக்கி 5.6 இல்லன்னா 8 வைங்க. உச்சிவெயில்ல மொட்டைமாடி பக்கமே போகாதீங்க, கண்ணுக்கடியில கருப்பா நிழல் விழும், சாயந்தரம் திண்ணையில உக்கார வைங்க.

மல்லி: ஆச்சி கையில பூவும் நாரும் கொடுத்துட்டு பேரப்புள்ளைங்கள சுத்தி விட்டுடுங்க, போஸே கேக்காதீங்க. எங்க வீட்ல "சரி முடிஞ்சுது"ன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க, அப்ப அமுக்குனதுதான் இப்ப ஹால்ல தொங்குது.

நெல்லைப்பையன்: சூப்பர்க்கா! ஆச்சி பூ கட்டுற வேகத்துக்கு ஷட்டர் வேகம் 1/200 செகண்ட் பத்துமா?

லென்ஸ்மாமா: விரல் லேசா மங்கும், மங்கட்டும் விடுங்க.