மலிவு மெஸ்கால்: ராவாகவும் காக்டெயிலிலும்

டெக்கீலா பழக்கம் உண்டு. அதே மாதிரி மெக்சிகோவில் அகேவ் என்ற கற்றாழையின் தண்டிலிருந்து காய்ச்சும் மெஸ்காலை மட்டும் போன மாதம் வரை தொட்டதில்லை. கடையில் இருந்ததிலேயே விலை குறைந்ததை எடுத்தேன். லேபிளில் எஸ்பதின், ஹோவென் (பீப்பாயில் ஊறாதது), ஆர்ட்டெசனால் (கைவினை முறை), வஹாக்கா (மெக்சிகோ மாநிலம்), ஆல்கஹால் 40 சதவீதம் என்று இருந்தது. எஸ்பதின் தோட்டத்தில் பயிராகும் கற்றாழை இனம், ஏழெட்டு வருடத்தில் முற்றிவிடும். காட்டில் வளரும் தொபாலாவுக்குப் பத்து வருடத்துக்கு மேலும் ஆகலாம், நடுத்தண்டும் சிறியது. கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது பெரும்பாலும் எஸ்பதினாக இருப்பது இதனால்தான்.

முதல் நாள் டெக்கீலா ஷாட் அடிக்கிற கணக்கில் ராவாக ஒரே மடக்கு. அணைந்த விறகடுப்பைக் கிளறியது மாதிரி தொண்டை முழுக்கப் புகை, வேறு எதுவும் தெரியவில்லை. காசு போச்சு என்று பாட்டிலை மூடி வைத்துவிட்டேன்.

மெஸ்காலை முத்தம் முத்தமாகக் குடிக்க வேண்டும் என்று மெக்சிகோவில் சொல்வார்களாம். இதைக் கேள்விப்பட்ட பிறகு வாயகன்ற சின்னக் கிண்ணத்தில் 30 மில்லி ஊற்றி, நாக்கு நனைகிற அளவுக்கு உறிஞ்சினேன். முதல் வாய் அதே புகைதான். மூன்றாவது வாயில் அது பின்னால் ஒதுங்கியது. சுட்ட தண்டின் இனிப்பு, பச்சை மிளகு, எலுமிச்சைத் தோல் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. தண்டுகளைக் குழியில் சூடான கற்களின் மேல் அடுக்கி, மண் மூடி, நாள்கணக்கில் வேக விடுகிறார்கள். புகை ஏறுவது அங்கேதான். டெக்கீலாவுக்குப் பெரும்பாலும் நீராவி, அதனால் இந்த வாசம் இல்லை. குறை சொல்ல வேண்டுமென்றால், விழுங்கிய பின் சுவை சட்டென்று தீர்ந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் காரம் இருந்திருக்கலாம்.

காக்டெயிலில் முதலில் செய்தது நெக்ரோனி, ஜின்னோடு கம்பாரி என்ற கசப்பு மதுவும் வெர்மூத்தும் சேருவது. ஜின்னுக்குப் பதிலாக இதை ஊற்றினேன். கசப்பும் புகையும் முட்டிக்கொண்டன, பாதியில் வைத்துவிட்டேன். அப்புறம் வஹாக்கா ஓல்டு ஃபேஷன்டு. 2007 வாக்கில் நியூயார்க்கின் டெத் அண்ட் கோ பாரில் ஃபில் வார்டு உருவாக்கியது. ரெபொசாடோ (பீப்பாயில் சில மாதம் ஊறிய) டெக்கீலா 45 மில்லி, மெஸ்கால் 15 மில்லி, ஒரு சின்னக் கரண்டி கற்றாழைப் பாகு, இரண்டு சொட்டு பிட்டர்ஸ் (கசப்பு மூலிகைச் சாரம்), ஒரு பெரிய ஐஸ் கட்டி. அந்தப் பதினைந்து மில்லி போதும், கிளாஸ் முழுக்க மணக்கிறது. பாட்டில் சீக்கிரம் தீராது என்பது கூடுதல் லாபம்.

*

மேலே எழுதியவருக்கு நடந்ததற்கு நேர்மாறாக எனக்கு நடந்தது. ராவாக முதல் வாயிலேயே பிடித்துப்போனது, மார்கரிட்டாவில்தான் சொதப்பினேன். டெக்கீலா முழுவதையும் எடுத்துவிட்டு மெஸ்காலையே ஊற்றியதில் எலுமிச்சை காணாமல் போய்விட்டது. இப்போது பாதிக்குப் பாதி. நேக்கட் அண்ட் ஃபேமஸ் என்ற காக்டெயில் செய்து பாருங்கள்: மெஸ்கால், அபெரோல் (ஆரஞ்சு வாசக் கசப்பு மது), மஞ்சள் ஷார்ட்ரூஸ் (பிரெஞ்சு மூலிகை மது), எலுமிச்சைச் சாறு, நாலும் சம அளவு, நன்றாகக் குலுக்கி வடிகட்ட வேண்டும். ஒரே சிக்கல், ஷார்ட்ரூஸ் பாட்டில் மெஸ்காலைவிட விலை அதிகம். மலிவு பாட்டில் வாங்கி மிச்சம் பிடித்தது அங்கே போய்விட்டது.

*

சரி, உங்கள் இருவர் கதையோடு என்னுடையதும். வாங்கும்போது லேபிளில் ஆர்ட்டெசனால் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். மெக்சிகோ விதிப்படி மெஸ்கால், மெஸ்கால் ஆர்ட்டெசனால், மெஸ்கால் ஆன்செஸ்ட்ரால் (இன்னும் பழைய முறை) என மூன்று பிரிவு. வெறும் மெஸ்கால் என்றிருந்தால் குழிக்குப் பதில் ஆலை இயந்திரத்தில் வேகவைத்ததாகவும் இருக்கலாம். நான் முதலில் வாங்கியது அப்படி ஒன்று. உள்ளே புழு கிடந்ததைப் பார்த்து அசல் சரக்கு என்று நம்பிவிட்டேன். அந்தப் புழு இருபதாம் நூற்றாண்டு விற்பனை உத்தி என்று பின்னால்தான் தெரிந்தது. புகையே இல்லை. கிரேப்ஃப்ரூட் சோடாவில் கலந்து, விளிம்பில் உப்பு தடவி, ஒரு வழியாகக் காலி செய்தேன். புழு இன்னும் பாட்டிலுக்குள்தான் இருக்கிறது.