சிகிச்சைக்குப் பின் எச்பிவி தடுப்பூசி: அனுபவமுள்ளோரின் ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 38. சென்ற ஆண்டு கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய நிலை மாற்றம் இருப்பது தெரிந்து, அந்தத் திசுவை அகற்றினார்கள். இத்தகைய மாற்றத்தை உண்டாக்கும் எச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) இருக்கிறதா என்று ஆறு மாதம் கழித்துச் செய்த பரிசோதனையில், வைரஸ் இல்லை என்றே வந்தது. ஆனாலும் அந்த அறிக்கையைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, மடிப்பு கிழியும் அளவுக்கு எடுத்தெடுத்துப் பார்க்கிறேன்.

தடுப்பூசி ஏற்கெனவே உள்ள தொற்றைக் குணப்படுத்தாது என்பதும், கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணமான எச்பிவி 16, 18 ஆகிய வகைகளின் புதிய தொற்றைத் தடுக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு மருத்துவர் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். இன்னொருவர் இந்த வயதில் பயன் குறைவு என்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுதான் சிக்கல். (12 வயது மகள் விஷயத்தில் குழப்பமில்லை, “சின்னப் பெண்ணுக்கு எதற்கு?” என்று மாமியார் கேட்டாலும், அவளுக்கு முதல் தவணை போட்டாயிற்று.)

சிகிச்சைக்குப் பின் மூன்று தவணையும் போட்டுக்கொண்டவர்கள், உங்கள் மருத்துவர் அதற்குச் சொன்ன காரணத்தையும், மறுபரிசோதனையை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை செய்யச் சொன்னார் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.