மருத்துவமனை இன்ஸ்பெக்டர் தேர்வு: மாதிரித் தாளில் பாதிக்கு மேல் தப்பாகிறது, உதவி தேவை

சுத்தியல்77:
வணக்கம். கலிபோர்னியாவில் மருத்துவமனைக் கட்டுமான இன்ஸ்பெக்டர் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கிறேன். 5 வாரம்தான் இருக்கிறது. கட்டட விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாதிரித் தாள் எழுதியும் பாதிக்கு மேல் தப்பு. உதாரணம்: கான்கிரீட்டில் துளை போட்டு இறக்கிய ஆங்கர் (பிணைப்பு போல்ட்) ஒன்று இழுவைச் சோதனையில் தேறவில்லை, அடுத்து என்ன? அதை மாற்றிவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும் என்று எழுதினேன். விடையில் 20 என்று ஓர் எண் வருகிறது. என் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

ரசமட்டம்:
சான்றிதழில் எந்த வகுப்பு? ஏ-யா, பி-யா, சி-யா? ஏ என்றால் ஸ்ட்ரக்சர் உட்பட எல்லாம் வரும். பி என்றால் பெரிய ஸ்ட்ரக்சர் வேலை போக மற்றவை, கருவிகளையும் குழாய்களையும் பிணைக்கும் ஆங்கர் வேலையும் சேர்த்து. சி என்றால் குறிப்பிட்ட துறை மட்டும். அப்புறம், எந்த ஆண்டுப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள்? இது தெரியாமல் என்ன சொல்வது?

தூக்குக்குண்டு:
எனக்குத் தெரிந்து இது தாவல் (பக்க ஓரத்தில் ஒட்டும் அடையாளச் சீட்டு) பிரச்சினை. அத்தியாயத்துக்கு ஒரு நிறம் என்று ஒட்டுங்கள். நான் பச்சையைத் தீ சம்பந்தப்பட்டதற்கு மட்டும் வைத்தேன். தேடும் நேரம் பாதியாகக் குறைந்தது.

கம்பிகட்டி:
மாதிரித் தாளே தப்பாக இருக்கலாம். காசு கொடுத்து வாங்கிய தாள்களில் பழைய பதிப்பின் விடைகள் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராகப் படியுங்கள்.

பழையசைட்:
ஆங்கர் சோதனையைப் புத்தகத்தில் தேடுகிறார் என்றால், அது நடக்கும்போது பக்கத்தில் நின்றதே இல்லை என்று அர்த்தம். மருத்துவமனை சைட்டில் 4 வருடம் நின்ற பிறகு விண்ணப்பம் போடட்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் அவசரம்.

ரசமட்டம்:
சார், அவர் உதவி கேட்டு வந்திருக்கிறார். அனுபவம் உள்ளவர் நீங்கள், அந்த 20 எங்கே இருக்கிறது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். நானே சொல்கிறேன்: கலிபோர்னியா கட்டட விதியில் 1910ஏ.5. ஒன்று தோற்றால், அதே தொழில் பிரிவினர் போட்ட அதே வகை ஆங்கர்களில் இன்னும் சோதிக்காதவற்றை, தொடர்ந்து 20 தேறும்வரை சோதித்துக்கொண்டே போக வேண்டும். அதன் பிறகுதான் முதலில் சோதித்துவந்த விகிதத்துக்குத் திரும்பலாம். ஒருவர் துளையைச் சரியாக ஊதிச் சுத்தம் செய்யவில்லை என்றால் அன்று அவர் போட்ட எல்லாமே சந்தேகம்தானே.

பழையசைட்:
விதி எண்ணை ஒப்பிக்கலாம். இந்த விதிகள் ஏன் வந்தன என்று தெரியாமல் படித்தால் மனதில் நிற்காது. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகுதான் மாநிலம் மருத்துவமனைகளைத் தன் கைக்கு எடுத்தது.

தூக்குக்குண்டு:
இல்லை சார். 1971 பிப்ரவரி சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கம்தான் காரணம். சில்மாரில் ஆலிவ் வியூ மருத்துவமனை திறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. படிக்கட்டுக் கோபுரங்கள் கட்டடத்தை விட்டுப் பிரிந்து சாய்ந்தன. மருத்துவமனைக் கட்டுமானத்தை மாநிலத்தின் கைக்குக் கொண்டுவந்த ஆல்க்விஸ்ட் சட்டம் 1973-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. 1994-க்குப் பிறகு வந்தது, ஏற்கெனவே நிற்கும் பழைய கட்டடங்களை வலுப்படுத்தச் சொல்லும் சட்டம். அதன் கடைசிக் கெடுதான் 2030 என்று பேசப்படுகிறது.

பழையசைட்:
2030 கெடுவை வைத்துத்தான் எங்களுக்கு வேலையே ஓடுகிறது, அதை எனக்குச் சொல்லித் தர வேண்டாம். கட்டடம் நிற்க வேண்டும், அதுதான் முதல். பி வகுப்புக்காரர்கள் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

கம்பிகட்டி:
அப்படிச் சொல்லாதீர்கள் அண்ணா. திரும்பக் கட்டிய ஆலிவ் வியூ 1994-இல் நின்றது. ஆனால் உள்ளே தண்ணீர்க் குழாய்களும் தீயணைக்கும் ஸ்ப்ரிங்க்ளர் குழாய்களும் உடைந்து வெள்ளம். நோயாளிகளை வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று. எலும்பு நின்றும் மருத்துவமனை நின்றுபோனது. குழாய்க்குப் போடும் பிணைப்பு ஒன்றும் சின்ன வேலை இல்லை.

தூக்குக்குண்டு:
சரியாகச் சொன்னீர்கள்.

சுத்தியல்77:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். பி வகுப்பு. ஒரு நகராட்சியில் 6 வருடமாக இன்ஸ்பெக்டர், கிளினிக்குகள் நிறையப் பார்த்திருக்கிறேன். புத்தகம் 2021 ஐபிசி (சர்வதேசக் கட்டட விதி), என்னிடம் ஏற்கெனவே இருந்தது. ரசமட்டம் சொன்ன 1910ஏ அதில் இல்லை. 1224 என்று ஒரு கேள்வியில் வருகிறது, அதுவும் இல்லை. பக்கம் கிழிந்துவிட்டதா என்று பார்த்தேன்.

ரசமட்டம்:
பிரச்சினை அதுதான்! பக்கம் கிழியவில்லை, புத்தகமே வேறு. உங்களுக்கு வேண்டியது டைட்டில் 24, அதாவது கலிபோர்னியாவின் சொந்த விதித் தொகுப்பு. அதில் வரும் கட்டட விதியின் 2022 பதிப்பு 2021 ஐபிசி-யின் மேல் எழுந்தது என்பதால் முக்கால்வாசி ஒன்றுபோலவே தெரியும். ஆனால் மாநிலம் சேர்த்ததுதான் இந்தத் தேர்வின் உயிர். 1224 மருத்துவமனைக்கு, 1225 முதியோர் பராமரிப்பு நிலையங்களுக்கு, 1226 கிளினிக்குகளுக்கு. 2025 பதிப்பு 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. தேர்வு அறிவிப்பில் எந்தப் பதிப்பு போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள்.

இன்னொன்று. எண்ணுக்குப் பின்னால் ஏ வரும் அத்தியாயங்கள், 16ஏ, 17ஏ, 19ஏ போன்றவை, ஏ வகுப்புக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பெயர் ஒற்றுமை, அவ்வளவுதான். மருத்துவமனை என்றால் 17-ஐ மூடிவிட்டு 17ஏ-வைத் திறக்க வேண்டும். எந்த அத்தியாயம் எந்த வகைக் கட்டடத்துக்கு என்று ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் ஓர் அட்டவணை இருக்கும். முதலில் அதைப் படிக்கப் பழகுங்கள். நீங்கள் பார்த்த கிளினிக்குகள் பெரும்பாலும் உள்ளூர் அதிகாரத்தில் வருபவை, அதனால்தான் இது கண்ணில் படவில்லை.

பழையசைட்:
தம்பி, நகராட்சியில் 6 வருடம் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். டைட்டில் 24-இன் முதல் பகுதியில் 7-ஆம் அத்தியாயத்தையும் விடாதே, நிர்வாகக் கேள்விகளுக்கு அதுதான் அடிப்படை. சைட்டில் காண்ட்ராக்டர் குழாயை நகர்த்திவிட்டு இஞ்சினியர் வாயால் சரி சொன்னார் என்பார். ஒப்புதல் பெற்ற வரைபடத்தை மாற்ற உனக்கு அதிகாரம் இல்லை. இந்த மாதிரிக் கேள்வியில்தான் நகராட்சிப் பழக்கம் காலை வாரும்.

சுத்தியல்77:
நன்றி சார். சக ஊழியர் ஒருவரிடம் கலிபோர்னியா கட்டட விதியின் இரண்டு தொகுதியும் இரவல் கிடைத்தது. 1224 இருக்கிறது. 20-உம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுத் தாளையும் திரும்ப எழுதுகிறேன்.

தூக்குக்குண்டு:
இரவல் புத்தகமா? அப்படியானால் கழற்றக்கூடிய தாவலாக ஒட்டுங்கள்.

ரசமட்டம்:
ஞாயிறு முடிந்து 3 வாரம் ஆகிறது. சுத்தியல், தாள் எப்படிப் போனது?