வீணை செய்கிறவருக்கு வாசிக்கத் தெரியாதாம், அதனால் அவர் வெறும் தச்சராம்!

மெழுகுமெட்டு:
நேற்று "பரணில் கிடக்கும் பழைய வீணையை என்ன செய்வது" என்று ஒருவர் கேட்டிருந்தார் அல்லவா, அங்கே ராகமாலிகா மேடம் போகிற போக்கில் எழுதியது இது: "தஞ்சாவூரில் வீணை செய்கிற பலருக்கு ஒரு கீதம்கூட வாசிக்கத் தெரியாது. செய்ததைத் தானே எடுத்து வாசிக்காதவரைக் கலைஞர் என்பானேன்? நல்ல தச்சர் என்றால் போதும்." அதற்கு 6 பேர் விருப்பக்குறி வேறு. தனியாகவே எழுதுகிறேன், எல்லோரும் பார்க்கட்டும்.

என் தாய்மாமா தஞ்சாவூரில் நாற்பது வருஷம் வீணை செய்தவர். பலா மரத்தைக் குடைந்து உருண்டையான குடம் எடுப்பது, நீளமான தண்டி இழைப்பது, யாளி முகம் செதுக்குவது, இதெல்லாம் தச்சு வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் மெட்டு, அதாவது சுரத்துக்குச் சுரம் தந்தியை அழுத்திப் பிடிக்கிற கம்பி, வைக்க வேண்டுமே? தண்டியின் இரண்டு பக்கமும் கரித்தூள் கலந்த மெழுகை ஏற்றி, 24 பித்தளை மெட்டுகளை ஒவ்வொன்றாக உட்கார வைப்பார்கள். கையில் அளவுகோல் கிடையாது, காது மட்டும்தான். ஒரு மயிரிழை நகர்ந்தால் காந்தார சுரம் கெட்டுவிடும். மாமா ஒவ்வொரு மெட்டையும் மீட்டிக் கேட்டுத்தான் வைப்பார். அது வாசிப்பு இல்லாமல் வேறென்ன?

ராகமாலிகா:
வணக்கம். என் பெயரைப் போட்டு ஒரு இழை தொடங்கியதற்கு நன்றி, இந்த மரியாதை போன வருஷமே கிடைத்திருக்க வேண்டியது.

நான் உங்கள் மாமாவைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன். மீட்டிப் பார்ப்பது வேறு, வாசிப்பது வேறு. எங்கள் வீட்டு எலக்ட்ரீஷியன் காலிங் பெல் அடிக்கிறதா என்று நாலு தடவை அழுத்திப் பார்த்தார், அவரை யாரும் பெல் வித்வான் என்று சொல்வதில்லை. 22 வருஷமாக வீணை சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு கமகத்தில், அதாவது சுரத்தை அசைத்து வாசிக்கும்போது, தந்தியை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது மெட்டில் இல்லை, விரலில் இருக்கிறது. அந்த விரல் இல்லாதவருக்குத் தன் வீணை நல்ல வீணையா என்று எப்படித் தெரியும்? இதுதான் என் கேள்வி. தச்சர் என்பது வசவும் அல்ல.

நிரலன்:
ராகமாலிகா அவர்களுக்கு ஒரே பதில்: லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தார் 1954-ல் அவர் பட்டறையில் இருந்துதான் வந்தது. 1969-ல் உட்ஸ்டாக் இசை விழாவில் கித்தார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கையில் இருந்ததும் அந்த ஜாதிக் கித்தார்தான். ஆனால் ஃபெண்டர் 1991-ல் சாகும் வரை கித்தார் வாசிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. பள்ளிக்கூடத்தில் சாக்ஸஃபோன் கொஞ்சம் ஊதியதோடு சரி. வாசிக்கிறவர்களை வரவழைத்து, எங்கே இடிக்கிறது, எங்கே விலா குத்துகிறது என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். விலா குத்துகிறது என்று சொன்னதால்தான் பின்பக்கத்தைச் சரித்துச் செதுக்கினார்கள். வாசிக்கத் தெரிந்தவராக இருந்திருந்தால் குத்தினாலும் பழகிக்கொண்டு போயிருப்பார்!

நான் ஆஸ்பத்திரியில் பில் போடும் மென்பொருள் எழுதுகிறேன். அதை எழுத நான் தினமும் அட்மிட் ஆக வேண்டுமா?

மெழுகுமெட்டு:
நிரலன், ஆதரவுக்கு நன்றி, ஆனால் நீங்கள் என் கட்சியே இல்லை. என் மாமாவுக்கு வாசிக்கத் தெரியாது என்று நான் எங்கே சொன்னேன்? 24 மெட்டையும் மீட்டி, நாலு வாசிப்புத் தந்தியிலும் கேட்டு, மூன்று தாளத் தந்தியைச் சேர்த்து, அப்புறம்தான் வீணை பட்டறையை விட்டு வெளியே போகும். மறுபடி சொல்கிறேன், அது வாசிப்பு.

வாய்தா:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். "வாசிப்பது" என்றால் என்ன? சோதிப்பதா, கச்சேரி செய்வதா, வீட்டில் ஆசைக்கு வாசிப்பதா? இதை முடிவு செய்யாமல் பேசினால் நாளை மறுநாளும் இங்கேதான் நிற்போம். அப்புறம் "கலைஞர்" என்ற சொல்லுக்கும் ஒரு வரையறை வைத்துக்கொண்டால் நல்லது.

ராகமாலிகா:
லெஸ் பால் கித்தார் வாசித்தாரே, தன் பெயரிலேயே 1952-ல் கித்தார் வந்ததே, அதை ஏன் நிரலன் சொல்லவில்லை? தனக்கு வேண்டிய உதாரணத்தை மட்டும் கூடையில் பொறுக்குவது எல்லோராலும் முடியும்.

மெழுகுமெட்டு அவர்களே, ஸ ரி க ம என்று மெட்டு மெட்டாகத் தட்டுவது வாசிப்பு என்றால், என்னிடம் முதல் நாள் வந்து உட்கார்ந்த எட்டு வயசுக் குழந்தையும் வைணிகர்தான்.

நிரலன்:
லெஸ் பால் பெயர் அதில் இருக்கிறது, ஆனால் அந்தக் கித்தாரை வடிவமைத்ததில் அவர் பங்கு எவ்வளவு, அதைத் தயாரித்த கிப்ஸன் கம்பெனி ஆட்கள் பங்கு எவ்வளவு என்று இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். பெயர் போட்டவர் எல்லாம் செய்தவர் என்றால் கல்யாணப் பத்திரிகையில் பெயர் இருக்கிற எல்லோரும் மாப்பிள்ளைதான்.

கொறுக்கை:
நான் மாயவரம் பக்கம். எங்கள் ஊர்ப்பக்கம் சீவாளி, அதாவது நாதஸ்வரத்தில் வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு, செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாணலை வெட்டிப் பதப்படுத்தி, கட்டி, சீவி, கடைசியில் வாயில் வைத்து ஊதித்தான் பார்ப்பார்கள். ஊதாமல் சீவாளி செய்ய முடியாது. ஆனால் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வர மாட்டார்கள், "அது அவங்க வேலை" என்பார்கள். நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளைக்கு நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி சுத்த மத்யமம் என்ற சுரம் ஒழுங்காகப் பேசுகிற மாதிரி நாதஸ்வரம் செய்து கொடுத்தார் என்று சொல்வார்கள் இல்லையா, அதில் யார் பெரியவர்? ஊதியவர் குறை சொன்னார், குடைந்தவர் காதில் வாங்கினார். இரண்டும் சேர்ந்தால்தான் வாத்தியம்.

வாய்தா:
நாதஸ்வரம் அல்ல, நாகஸ்வரம். இது ஒன்றைத் திருத்திவிட்டுப் போகிறேன்.

கொறுக்கை:
நரசிங்கம்பேட்டைக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகள் நாதஸ்வரம் என்றுதான் போட்டன. ஊரில் யாரும் "நாகஸ்வரம் செய்கிற இடம் எங்கே" என்று கேட்டு வருவதில்லை. நாயனம் என்றுதான் கேட்பார்கள். போய் அவர்களையும் திருத்துங்கள்.

வாய்தா:
வழக்கில் இருப்பதெல்லாம் சரியாகிவிடாது. பழைய நூல்களில் நாகசுரம் என்றே வருகிறது. மறுக்க முடியுமா?

மெழுகுமெட்டு:
ஐயா, நாயனச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பேச்சு 24 மெட்டைப் பற்றி.

எட்டு வயசுக் குழந்தை என்கிறீர்களே மேடம், அந்தக் குழந்தையிடம் மெட்டு இல்லாத தண்டியைக் கொடுத்துப் பாருங்கள். நீங்களே உட்காருங்களேன், 22 வருஷம் ஆயிற்றே. வெயில் காலத்தில் மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் யாரைக் கூப்பிடுகிறீர்கள்? தச்சரைத்தானே?

சரி, மாமா ஏன் வீட்டில் வீணை எடுத்து வாசிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத்தான் நீங்கள் சுற்றிச் சுற்றிக் குத்துகிறீர்கள். முதலில், வீட்டில் வீணையே இருக்காது. ஒன்று முடிய இரண்டு மூன்று வாரம் ஆகும், முடிந்த அன்றே ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார், அந்தப் பணத்தில்தான் அடுத்த மரம். இரண்டாவது, அவர் காது அப்படி ஆகிவிட்டது. ஒரு தடவை பெரிய கோயில் சதய விழாவில் யாரோ வீணைக் கச்சேரி, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தார். என்ன ராகம் மாமா என்று கேட்டேன். "ராகமெல்லாம் தெரியலடா, குதிரை மேல இருக்கிற தகட்டை சரியா ராவல, மூணாவது தந்தி கரகரங்குது" என்றார். குதிரை என்றால் தந்திகளைத் தாங்கும் கட்டை. பாதியில் எழுந்து வந்துவிட்டோம். கச்சேரி முழுக்க அவர் கேட்டது அந்தத் தகடு ஒன்றைத்தான். காலையில் இருந்து இரவு வரை குறையை மட்டும் தேடுகிற காதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ஆசையாக மோகனம் வாசிக்க முடியுமா? கல்யாண வீட்டில் சமையல்காரர் பந்தியில் உட்கார்ந்து ஜாங்கிரி சாப்பிட்டு யாராவது பார்த்திருக்கிறீர்களா? எல்லாம் முடிந்தபின் ஓரமாக மோர் சாதம், ஊறுகாய். அதற்காக அவருக்கு ருசி தெரியாது என்பீர்களா?

ராகமாலிகா:
ஆக, ராகம் தெரியவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். நன்றி. நான் சொன்னதும் அதுதான்.

மெழுகுமெட்டு:
இது அநியாயம். அவர் சொன்னது வேறு பொருளில்.

தோல்வார்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது தாங்கவில்லை. காது, விரல், ருசி என்று எல்லாவற்றையும் பேசிவிட்டீர்கள், சாதியை மட்டும் யாரும் தொடவில்லை. மிருதங்கத்துக்குப் பசு, எருமை, ஆட்டுத் தோல் வேண்டும். தோலைத் தேர்ந்து, பதம் செய்து, வார் இழுத்து, வலந்தலையில், அதாவது வலது பக்கத் தோலில், கரணை என்ற கருப்பு வட்டத்துக்கான பொடியை அரிசிச் சாதத்தோடு பிசைந்து துளித் துளியாகத் தேய்த்து ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயருக்குத் தஞ்சாவூர் பர்லாந்து மிருதங்கம் செய்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தலைமுறையில் செய்கிறவர் வீட்டுப் பையன் போய் "எனக்கும் வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் எத்தனை வீட்டுத் திண்ணை தாண்டி உள்ளே விட்டிருப்பார்கள்? வாசிக்கவில்லை என்று குறை சொல்கிறவர்கள், வாசிக்க விட்டார்களா என்று முதலில் கேளுங்கள்.

நிரலன்:
இது நான் யோசிக்காத கோணம். ஆனால் ஃபெண்டரை யாரும் தடுக்கவில்லையே? தடுக்காத இடத்திலும் இது நடக்கிறது என்பதுதான் என் பாயிண்ட்.

தோல்வார்:
உங்களுக்கு எதைச் சொன்னாலும் கலிஃபோர்னியாதான். பக்கத்துத் தெருவைப் பாருங்கள்.

ராகமாலிகா:
தோல்வார் சொல்வது மிருதங்கத்துக்குப் பொருந்தும், அதில் எனக்கு மறுப்பு இல்லை, வெட்கப்பட வேண்டிய விஷயம். வீணை செய்பவர்கள் கதை வேறு. அதை இதில் கலந்து எனக்கு சாதிப் பட்டம் கட்டும் வேலை வேண்டாம்.

தோல்வார்:
உங்கள் பெயரை நான் எடுக்கவே இல்லை. நீங்களாகத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டால் நான் என்ன செய்ய? (தொப்பி என்கிற மிருதங்கத்து இடது பக்கம் அல்ல.)

கொறுக்கை:
காஞ்சிபுரத்தில் தறி போடுகிறவர் வீட்டில் எத்தனை பேர் தினமும் பட்டு கட்டுகிறார்கள்? அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாய்தா:
அது விலைப் பிரச்சினை. வாங்க முடியாததும் வாங்க விரும்பாததும் ஒன்றா? இதற்காகத்தான் வரையறை கேட்டேன். நாகஸ்வரத்துக்கும் பதில் வரவில்லை.

மெழுகுமெட்டு:
எல்லோரும் எங்கெங்கோ போய்விட்டீர்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் வைத்தேன், 24 மெட்டையும் காதால் கேட்டு வைக்கிறவர் வாசிக்கிறாரா இல்லையா? இதற்கு இதுவரை மேடம் நேராகப் பதில் சொல்லவில்லை. பெல் என்றார், குழந்தை என்றார், மாமா வாயில் இருந்து வந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். போன வருஷம் ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை பற்றிய விவாதத்திலும் இதே மாதிரிதான், துண்டுகளை ஒட்டிச் செய்த ஒட்டு வீணைக்கு நாதம் குறைவு என்று சொல்லிவிட்டு, எப்படி என்று கேட்டதும் ஊருக்குப் போய்விட்டேன் என்றார்.

ராகமாலிகா:
அப்போது உண்மையாகவே ஊருக்குத்தான் போயிருந்தேன், என் மாமியார் தவறிப்போயிருந்தார். அதையும் அப்போதே அங்கே எழுதியிருக்கிறேன், நீங்கள்தான் படிக்கவில்லை. ஏகாண்டத்தில் குடமும் தண்டியும் ஒரே மரம், இடையில் ஒட்டு இல்லை, நாதம் தங்கும். வாசிப்பவருக்கு இது கையில் தெரியும். செய்பவருக்கு...

சரி, நான் முடிக்கவில்லை, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

மெழுகுமெட்டு:
மாமியார் விஷயம் தெரியாது, வருந்துகிறேன். நாதம் தங்கும் என்பது தவறு. தங்குவது குதிரையில், மரம் காய்ந்த விதத்தில், குடத்தின் கனத்தில். ஒட்டு வீணையிலும் தங்கும், மாமா செய்த ஒட்டு வீணை ஒன்று இன்னும் திருவையாற்றில் ஒரு வீட்டில் இருக்கிறது, போய் மீட்டிப் பாருங்கள்.

ராகமாலிகா:
மீட்டிப் பார்க்கவா, வாசித்துப் பார்க்கவா?

பரணில்_வீணை:
மன்னிக்கவும், முதலில் அந்தப் பழைய வீணையைப் பற்றிக் கேட்டவன் நான்தான். அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. 9 மெட்டு விழுந்துவிட்டது, தண்டிக்குக் கீழே இருக்கும் சுரைக்குடுக்கையில் விரிசல். பாட்டியுடையது. யாரிடம் கொடுப்பது?

மெழுகுமெட்டு:
படத்தைத் தனிமடலில் அனுப்புங்கள் தம்பி, தண்டி வளைந்திருக்கிறதா என்று ஒரு நூலைப் பிடித்துப் பார்த்து அதையும் சொல்லுங்கள். விழுந்த 9-ஐ மட்டும் ஒட்டச் சொல்லாதீர்கள், மெழுகை முழுக்க எடுத்துவிட்டு 24-ஐயும் புதிதாக வைக்க வேண்டும். வைக்கிறவர் வாசிப்பாரா என்று கேட்டுவிடாதீர்கள், இங்கே சிலருக்கு உடம்புக்கு ஆகாது.

வாய்தா:
சுரைக்குடுக்கை என்பதைவிட சுரைக்காய்க் குடம் என்பதே...

கொறுக்கை:
ஆரம்பித்துவிட்டார்.