அம்மா என் வாயால் சொல்லாதது: ஜீபி சேர்ஜரியில் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கோ

ஹரோ மகள்:
லண்டனுக்குப் புதுசா வந்த ஒரு தங்கச்சி, ஜீபி சேர்ஜரியில் (குடும்ப டொக்டரின்ர கிளினிக்கில்) எங்களுக்கு என்னென்ன கிடைக்கும் எண்டு கேட்டிருந்தா. எங்கட வீட்டில் நடந்ததைச் சொல்லுறன். நீங்களும் உங்கட அனுபவத்தை எழுதுங்கோ. அம்மாவிட்டைக் கேட்டு, அவ ஓம் எண்ட பிறகுதான் இதை எழுதுறன்.

நாங்கள் 1999 இல் இஞ்ச வரேக்க எனக்குப் பதினொரு வயது. அப்பாவுக்குக் கடையில் இரவும் பகலும் வேலை. அதால அம்மாவை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறது நான்தான். ரெண்டு பேருக்கும் நடுவில் இருந்து அம்மா சொல்லுறதை இங்கிலிஷிலும் டொக்டர் சொல்லுறதைத் தமிழிலும் சொல்லுவன். கால் உளையுது, விறைக்குது, நெஞ்சுக்க எரியுது எண்டு அம்மா ஒவ்வொண்டையும் வேற வேறயாத்தான் சொல்லுவா. எனக்குத் தெரிஞ்சது 'பெயின்' எண்ட ஒரு சொல்லு. எல்லாத்தையும் அதுக்குள்ளேயே போட்டுவிடுவன். வளர்ந்து, வேலைக்குப் போய், கலியாணம் கட்டின பிறகும் நான்தான் கூடப் போனது.

போன வருஷம் அம்மாவின்ர சலரோகத்துக்கு (சர்க்கரை வியாதிக்கு) வருஷத்துக்கு ஒருக்கா செய்யிற செக்கப். அண்டைக்கு இருந்தது ஒரு புது நேர்ஸ். "மகள் வந்தது நல்லது. ஆனால் நான் போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுக்கப் போறன், நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ" எண்டு சொன்னா. உண்மையைச் சொன்னால் எனக்கு மனம் நொந்துபோச்சு. அரை மணித்தியாலம் கழிச்சு அம்மா வெளியில வந்தா. கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் தெளிஞ்சிருந்தது.

ஒன்பது வருஷமா அம்மாவுக்குச் சிறுநீர் கசிஞ்சுகொண்டு இருந்திருக்கு. இருமினால், தும்மினால், குனிஞ்சால் போகுமாம். கோயிலுக்கு வராமல் விட்டதுக்கு முழங்கால் நோவெண்டு எங்களுக்குச் சொன்னது அதை மறைக்கத்தான். "பெத்த பிள்ளையின்ர வாயால அதை எப்பிடியம்மா சொல்லுறது?" எண்டு பஸ்ஸுக்குள்ள வைச்சுக் கேட்டா. எனக்குப் பதில் வரேல்லை. நேர்ஸ் அண்டைக்கே இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி சொல்லிக் குடுக்கிற பிசியோவிட்டை அனுப்ப ஒழுங்கு செய்திட்டா. மூண்டு மாதத்தில் பாதிக்கு மேல குறைஞ்சிட்டுது.

இந்த மொழிபெயர்ப்புக்கு நாங்கள் ஒரு சதமும் குடுக்கத் தேவையில்லை. ஒழுங்கு செய்யவேண்டியது சேர்ஜரி. அப்பொயின்ற்மென்ற் எடுக்கேக்கயே சொல்லவேணும், நேரமும் கூடக் கேக்கவேணும், ஏனெண்டால் பத்து நிமிஷம் காணாது. பொம்பிளைதான் வேணும் எண்டும் கேக்கலாம். வீட்டு ஆக்கள், அதுவும் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையள், மொழிபெயர்க்கக் கூடாது எண்டு என்.எச்.எஸ். (இஞ்சத்தை அரச மருத்துவ சேவை) வழிகாட்டலிலேயே இருக்கு. இப்பவும் ஆரும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால மறிச்சுக் கூட்டிக்கொண்டு போறியள் எண்டால், தயவு செய்து நிப்பாட்டுங்கோ.

ஈஸ்ட்ஹாம் அண்ணா:
தங்கச்சி, வாசிச்சுப் போட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தனான். எனக்கு நடந்தது வாசலிலேயே.

அகதி விண்ணப்பம் போட்டிட்டு ஒரு அறையில் நாலு பேரோட இருந்த காலம். சேர்ஜரியில் பதியப் போனால் பாஸ்போட் கேட்டினம், காஸ் பில் கேட்டினம். பாஸ்போட் ஹோம் ஒபிஸிட்டை, பில் வீட்டுக்காரனின்ர பேரில. காய்ச்சலோட திரும்பி வந்திட்டன். பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில்தான் விளக்கம் சொன்னவை: இங்கிலாந்தில் ஜீபியிட்டைப் பதிய அடையாளமோ, விலாச ஆதாரமோ, விசாவோ கட்டாயம் இல்லை. கேக்கலாம், ஆனால் இல்லை எண்டதுக்காக மறுக்கேலாது. மறுத்தால் காரணத்தை 14 நாளுக்குள்ள எழுத்தில் தரவேணும். பதியிற உரிமை இருக்கெண்டு எழுதின ஒரு சின்ன அட்டையும் தந்தவை. அதே சேர்ஜரிக்கு அட்டையோட போனன், மறுபேச்சில்லாமல் படிவம் தந்திச்சினம். அந்த றிசெப்ஷன் பிள்ளைக்கும் முதல் தரம் தெரியாமல்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த ரெண்டு கிழமையும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வருமானம் இல்லாத ஆக்கள் எச்.சி.2 எண்ட சான்றிதழ் எடுத்தால் மருந்துக்கும் காசு கட்டத் தேவையில்லை. இதை நான் அறிஞ்சது ஒரு வருஷம் கழிச்சு.

கோவைப் பொண்ணு, கிராய்டன்:
எங்க ஊர்ல கிளினிக் போனா டோக்கன், அரை மணி நேரம், ஃபீஸ், ஊசி, முடிஞ்சுது. இங்க வந்த புதுசுல காலைல எட்டு மணிக்குப் போன் பண்ணி வரிசைல காத்திருக்கறது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கு.

ஆனா நல்லதையும் சொல்லணும். அத்தை ஊர்லருந்து ரெண்டு மாசம் வந்திருந்தப்ப பிரஷர் மாத்திரை தீர்ந்துபோச்சு. விசிட்டர் விசா, பார்க்க மாட்டாங்கன்னு நினைச்சோம். தற்காலிகமா பதிஞ்சுக்கலாம்னு ரிசப்ஷன்லயே சொன்னாங்க. டாக்டர் பார்த்ததுக்கு ஒரு பைசா வாங்கல. ஆஸ்பத்திரில தங்கி வைத்தியம் பண்ணினா விசிட்டருக்குச் செலவு உண்டு, அதையும் அப்பவே தெளிவா சொல்லிட்டாங்க.

அப்புறம், பெண்களுக்கு: யூரின் எரிச்சல்னா டாக்டருக்காகக் காத்திருக்காதீங்க. 2024 ஜனவரி கடைசிலருந்து 16 முதல் 64 வயசுப் பெண்களுக்கு மருந்துக்கடை பார்மசிஸ்ட்டே பார்த்து ஆன்டிபயாட்டிக் தரலாம். தொண்டை வலி, அக்கி, குழந்தைங்க காது வலிக்கும் அப்படித்தான். கர்ப்பமா இருக்கறவங்க மிட்வைஃப்கிட்ட (பிரசவ நர்ஸ்) சொல்லி மருந்துக் கட்டண விலக்குச் சான்றிதழ் வாங்கிக்கோங்க. குழந்தை பிறந்து ஒரு வருஷம் வரைக்கும் மருந்தும் பல் வைத்தியமும் இலவசம்.

மிட்சம் மாமா:
பிள்ளையள், சலரோகக்காரருக்குச் செய்யிற கால் செக்கப்பைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை.

எனக்கு 52 வயதில் சலரோகம் எண்டு சொல்லிச்சினம். 40 க்கும் 74 க்கும் இடைப்பட்ட ஆக்களை அஞ்சு வருஷத்துக்கு ஒருக்காக் கூப்பிடுற ஹெல்த் செக்கில்தான் பிடிபட்டது. அழைப்புக் கடிதம் ரெண்டு தரம் வந்து, ரெண்டு தரமும் மேசையில் கிடந்தது. மூண்டாவது கடிதத்துக்கு மனிசி என்னை இழுத்துக்கொண்டு போனவ. எச்பிஏ1சி (ரெண்டு மூண்டு மாதத்துச் சராசரிச் சீனியைக் காட்டுற ரத்தச் சோதனை) 71. சலரோகம் எண்டு சொல்லுறது 48 இல் இருந்து. அப்ப பாருங்கோ, எவ்வளவு காலம் தெரியாமல் இருந்திருக்கு எண்டு.

நேர்ஸ் சப்பாத்தையும் சொக்ஸையும் கழட்டச் சொன்னா. கோயிலுக்கு வெளியில வேற ஒருத்தருக்கு முன்னால நான் கால் நீட்டினதில்லை, அவ்வளவு கூச்சம். கண்ணை மூடச் சொல்லிப்போட்டு, நைலோன் நூல் மாதிரி ஒண்டால விரல் விரலாத் தொட்டு, "தெரியுதோ?" எண்டு கேட்டா. இடது காலின்ர பெருவிரலுக்கு அடியில் எனக்கு ஒண்டும் தெரியேல்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் நூல் வளைஞ்சு நிக்குது. நோகாத கால் நல்ல கால் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தவனுக்கு, உணர்ச்சி செத்துப்போனபடியால்தான் நோகேல்லை எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது. ஊரில் என்ர அப்பாவுக்கு முள்ளுக் குத்தினதே தெரியாமல் புண் பழுத்து, காலை எடுக்கவேண்டி வந்தது.

எங்கட ஆக்களுக்கு மெல்லிய உடம்பிலேயே இந்த வருத்தம் வரும். வெள்ளைக்காரருக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற நிறையின்ர அளவு) 25 இல் சொல்லுற எச்சரிக்கையை எங்களுக்கு 23 இலேயே சொல்லவேணும் எண்டு வைச்சிருக்கினம். கடிதம் வந்தால் போங்கோ. மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிற சலரோகக்காரருக்கு எல்லா மருந்தும் இலவசம், அதுக்குச் சேர்ஜரியில் எஃப்.பி.92ஏ படிவம் கேளுங்கோ. தெரியாமல் நான் எட்டு மாதம் காசு கட்டினனான்.

பெயர் போடாத ஒருத்தி:
ஹரோ அக்கா சொன்னதுக்கு மாறாய் ஒண்டு சொல்லவேணும். எனக்கு நேரில் வந்த மொழிபெயர்ப்பாளர் எங்கட மாமியைத் தெரிஞ்ச ஆள். கதவுக்குள்ள வந்த உடனே "நீங்கள் இன்னாரின்ர மருமகள் எல்லோ?" எண்டு கேட்டா. நித்திரை வாறேல்லை, சாப்பாடு இறங்கிறேல்லை எண்டு சொல்லத்தான் போனனான். வீட்டில் நடக்கிறதையும் சொல்ல நினைச்சனான். தலையிடி எண்டு சொல்லி பரசிட்டமோல் எழுதுவிச்சுக்கொண்டு வந்திட்டன்.

ஹரோ மகள்:
தங்கச்சி, நான் அதை யோசிக்கவே இல்லை. எங்கட சமூகம் சின்னன், நீங்கள் பயந்ததில் ஒரு பிழையும் இல்லை. கேட்டது எதையும் வெளியில சொல்லக்கூடாது எண்டுதான் அவைக்கு விதி, ஆனால் விதி இருக்கெண்டு பயம் போயிடாது. இப்பிடிச் செய்யுங்கோ: "நேரில் வேண்டாம், போனில் மட்டும்" எண்டு சொல்லுங்கோ. அந்தப் பக்கம் இருக்கிறவை அநேகமா எங்கேயோ வேற ஊரில இருப்பினம். உங்கட பேரைச் சொல்லாமல் கதைக்கலாமோ எண்டு டொக்டரிட்டைக் கேளுங்கோ. தெரிஞ்ச ஆள் வந்தால், வேண்டாம், மாத்துங்கோ எண்டு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. மன வருத்தத்துக்கு டொக்டரிட்டைப் போகாமலே டோக்கிங் தெரபீஸுக்கு (கதைச்சுச் செய்யிற மனநல சிகிச்சைக்கு) நீங்களாய்ப் பதியலாம், அங்கையும் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும். வீட்டில் நடக்கிறது உங்களுக்கு ஆபத்தெண்டால் 999 க்கு அடியுங்கோ. தமிழ் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும், ஆளை எடுப்பினம்.

பெயர் போடாத ஒருத்தி:
றிசெப்ஷனில என்னெண்டு கேக்கிறது அக்கா? எனக்கு அந்த வசனம் வராது.

ஹரோ மகள்:
அம்மாவுக்கு எழுதிக் குடுத்ததை அப்பிடியே போடுறன், ஒரு துண்டில் எழுதி வைச்சிருங்கோ. சொல்ல வராட்டி துண்டைக் காட்டினாலும் சரி, ஆனால் காட்டுறதுக்கு இங்கிலிஷில ஆரையாவது கொண்டு எழுதுவியுங்கோ.

"ஐ நீட் எ தமிழ் இன்ரர்பிறிற்றர். எ வுமன். ஒன் த போன் ஒன்லி. ப்ளீஸ் றைற் இற் ஒன் மை றெக்கோர்ட்." (தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும். பொம்பிளை. போனில் மட்டும். தயவு செய்து என்ர பதிவில் எழுதுங்கோ.)

கடைசி வசனம் முக்கியம். ஒருக்கா உங்கட பதிவில் ஏத்திவிட்டால் ஒவ்வொரு தரமும் கேக்கத் தேவையில்லை. அம்மா தன்ர துண்டை பஸ் பாஸுக்குப் பின்னால செருகி வைச்சிருக்கிறா.