புதுப்பிப்பு: பிரசவத்துக்குப் பிந்திய இடுப்பு வலி – காரணம் தெரிந்தது, சத்திரசிகிச்சையும் முடிந்தது

பிள்ளை பிறந்து ஏழு மாதங்களாகியும் வலது தொடை இடுக்கில் வலி குறையவில்லை, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, என்ன செய்யலாம் என்று திருகோணமலையிலிருந்து இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கும்படி ஒரு சகோதரி எழுதியதே வழிகாட்டியது. தொடையெலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைந்து எலும்பு நலிவடையத் தொடங்கியிருந்தது. ஆரம்ப நிலையில் இது எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம் என்று வைத்தியர் விளக்கினார். எலும்புத் தலை இன்னும் அமுங்கவில்லை என்பதால், மூட்டை மாற்றாமல், எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைக்கும் சத்திரசிகிச்சையைக் கொழும்பில் செய்தார்கள். அதைவிட அங்கு போன இரவுப் புகையிரதப் பயணமே எனக்குக் கடினமாக இருந்தது.

தாய்ப்பாலை நிறுத்த நேரிடும் என்று அஞ்சியிருந்தேன். மயக்கம் முற்றாகத் தெளிந்து பிள்ளையைப் பிடிக்க முடிந்ததும் கொடுக்கலாம் என்றார்கள். அன்று மாலையே கொடுத்தேன்.

நான் எதிர்பாராதது, ஆறு வாரங்கள் ஊன்றுகோல்கள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ளும் என்பது. பிள்ளையைத் தூக்கி நடக்கவே முடியாது. உயரமான கட்டிலில் நான் அமர்ந்திருக்க, அம்மா பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைப்பார். தண்ணீர்ப் போத்தல், துணிகள் எல்லாவற்றையும் தோளில் குறுக்காக மாட்டிய பையில் வைத்துக்கொள்ளும்படி இங்கே ஒருவர் சொன்னது மிகவும் உதவியது. வலி பெரும்பாலும் நீங்கிவிட்டது, படியேறும்போது மட்டும் சற்று உண்டு. எலும்பு அமுங்குகிறதா என்று தொடர்ந்து படமெடுத்துப் பார்க்க வேண்டும்.